மவாலி என்பது யார்?
(மும்பைத் தமிழர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



மாடிக் கட்டடத்துப் பிள்ளை ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனால் விளையாட்டுப் புத்தி என்கிறார்கள். சாலில் வாழும் நம் பிள்ளை அதையே செய்தால் மவாலி என்கிறார்கள். செய்கை ஒன்றுதான், விலாசம்தான் வேறு! நாம் மட்டும் சளைத்தவர்களா? அடுத்த சந்துப் பையனை நாமும் அப்படித்தானே அழைக்கிறோம்?

1871-இல் வெள்ளையன் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்து, பிறப்பை வைத்தே கூட்டம் கூட்டமாக மக்களைக் குற்றவாளியாக்கினான். 1952-இல் அச்சட்டம் ஒழிந்தது. அந்தப் பார்வை ஒழிந்ததா?

2012 டிசம்பரில் டில்லியில் நடந்த கொடுமையில் பிடிபட்ட அறுவரில் ஒருவனுக்குப் பதினெட்டு நிரம்பவில்லை. நாடு கொதித்தது, கொதித்தது நியாயமே. ஆனால் அந்த ஒருவனைக் காட்டி எல்லாச் சிறுவரையும் அளக்கத் தொடங்கினார்கள். 2022-இல் சிறுவர் மீது பதிவானவை முப்பதாயிரத்துச் சொச்சம் வழக்குகள். நாட்டின் மொத்த வழக்குகளில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

2015-இல் வந்த புதிய இளைஞர் நீதிச் சட்டப்படி, குறைந்தது 7 ஆண்டுத் தண்டனைக்குரிய கொடுங்குற்ற வழக்கில், 16 வயது நிரம்பியவனைப் பெரியவனைப் போல விசாரிக்க அனுப்பலாம். அதே சட்டம்தான், பதினெட்டுக்கு உட்பட்ட எவரையும் லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும், பெற்றோருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்கிறது. வக்கீலுக்குப் பணமில்லையென்றால் இலவசச் சட்ட உதவி உண்டு.

இவ்வளவும் கிடைக்க முதலில் வயது தெரிய வேண்டும். இங்கேதான் நாம் மாட்டிக்கொள்கிறோம். சட்டம் முதலில் கேட்பது பள்ளிச் சான்று. அது இல்லையென்றால் நகராட்சியோ பஞ்சாயத்தோ கொடுத்த பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. அது ஓரிரு வயது முன்பின்னாகத்தான் சொல்லும். சான்றிதழோ திருநெல்வேலியில் பாட்டி வீட்டுத் தகரப்பெட்டியில். பையன் இங்கே ஸ்டேஷனில், இந்தியும் மராத்தியும் திக்கித் திக்கிப் பேசிக்கொண்டு! பள்ளியில் இடம் கிடைத்தால் போதும் என்று ஒரு வயதைக் கூட்டி எழுதிய தகப்பன்மாரும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த ஒரு வயது, பதினைந்தைப் பதினாறாக்கும், பதினேழைப் பதினெட்டாக்கும்.

அடுத்த முறை ஊருக்குப் போகிறவர்கள் அந்தத் தகரப்பெட்டியைத் திறந்து பாருங்கள். மூலத்தைப் பத்திரப்படுத்தி, இரண்டு நகலெடுத்து வீட்டில் ஒன்று, சங்கத்தில் ஒன்று வையுங்கள். பெண்பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.