மெஷினே, நீ யார்?

பத்தே நிமிஷம் என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

யூனிக்ஸ் வகைக் கம்ப்யூட்டர்களில் ஒரு சாஃப்ட்வேரை மூல நிரலிலிருந்து கம்பைல் செய்ய, முதலில் 'கான்ஃபிகர்' ஸ்கிரிப்டை ஓட்டுவோம். 1991-ல் டேவிட் மெக்கன்சி தொடங்கிய 'ஆட்டோகான்ஃப்' தயாரித்துத் தரும் ஸ்கிரிப்ட் அது. அது சத்தமில்லாமல் இன்னொன்றைக் கூப்பிடும். 'கான்ஃபிக்.கெஸ்' என்று பெயர். பெயரிலேயே ஊகம்! 'யூநேம்' கட்டளையை விசாரித்து, பிராசஸர், தயாரிப்பாளர், ஆபரேட்டிங் சிஸ்டம் என்று ஒரு விலாசம் எழுதித் தரும்.

விசாரித்தால் போதாதா? போதாது சார். ஒரே ஜாதி பிராசஸரை ஆப்பிள் 'ஆர்ம்64' என்கும், குனு 'ஏஆர்ச்64' என்கும். லினக்ஸ் ஓடும் மிப்ஸ் மெஷின் இன்னும் வேடிக்கை. 'மிப்ஸ்' என்று மட்டும் சொல்லும். பைட்டுகளை எந்தப் பக்கமிருந்து அடுக்குகிறது என்று வாயே திறக்காது. ஸ்கிரிப்ட் விடுமா? சில வரி சி நிரலைக் கம்பைலரிடம் கொடுத்து, வருகிற பதிலை வைத்துக் கண்டுபிடித்துவிடும். பெண் பார்க்கப் போகிறவர்கள் பக்கத்து வீட்டிலும் விசாரிப்பதில்லையா, அந்த மாதிரி.

எங்கள் அலுவலகத்தில் பாய்லர் வெப்பநிலையைக் கண்காணிக்கும் ஒரு பழைய சாஃப்ட்வேர். அதோடு வந்த கான்ஃபிக்.கெஸ் 2005-ம் வருஷத்துப் பிரதி. புதிதாக வாங்கியதோ 64 பிட் ஆர்ம் சர்வர். அந்த வகை அறிவிக்கப்பட்டதே 2011-ல்தான்! 'என்ன மெஷின் என்று ஊகிக்க முடியவில்லை, நீங்களே சொல்லுங்கள்' என்று நின்றுவிட்டது. சர்வரையே திருப்பி அனுப்பலாம் என்று பேச்சு கிளம்பியது. கான்ஃபிக்.கெஸ், அதன் தம்பி கான்ஃபிக்.சப் இரண்டுக்கும் புதுப் பிரதி போட்டோம். மளமளவென்று கம்பைல் ஆனது.

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் ஒரு உறுத்தல். பழைய நிரலில், சென்சார் பழுதானால் 'சார்' வகை மாறியில் -1 வைப்பார்கள். பூஜ்யத்துக்குக் கீழே போனால் மணி அடிக்கணும். இன்டெல் லினக்ஸில் 'சார்' மைனஸ் எண்ணை ஏற்கும். ஆர்ம் லினக்ஸில் ஏற்காது. அந்த -1 அங்கே 255 ஆகிவிடும். மணி அடிக்கவே அடிக்காது. விலாசம் சரியாக எழுதிய ஸ்கிரிப்டுக்கு இதெல்லாம் தெரியாது, அது அதன் வேலையும் இல்லை.

'சைன்ட் சார்' என்று நிரலில் திருத்தி, சென்சார் ஒயரைப் பிடுங்கிப் பார்த்தோம். மணி அடித்தது. அப்புறம்தான் சர்வரை பாய்லர் ஹவுஸுக்கு அனுப்பினோம்.