சுழலணும், மூடணும், நிறம் மாறணும்

மதுரையிலும் திண்டுக்கல்லிலும் இருந்து கேட்பவர்களுக்கு மே மாதம் என்றால் ஜன்னலைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, பிள்ளைகளை வெயிலில் விடாமல் மறித்து வைக்கிற மாதம். கொடைக்கானல் மேல்மலையில் கதையே வேறு. பூம்பாறை, மன்னவனூர், அப்புறம் கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று நீளும் அந்த ஊர்களில் மே மாதக் காலையிலும் ஸ்வெட்டர் வேண்டும். மத்தியானம் வரை நல்ல வெயில். அதற்கப்புறம் மூடுபனி ஏறிவிடும். சில நாள் மழையும் கொட்டித் தீர்க்கும். பெரியவர்கள் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். பள்ளிக்கூடம் லீவு. வீட்டில் பிள்ளைகள், வயதான பாட்டி, ஒரு டிவி, யாராவது வைத்துவிட்டுப் போன செல்போன்.

இந்தப் பிள்ளைகளுக்குக் கைவேலை என்று எதைச் சொல்லித் தருவது? டவுனில் கேட்டால் பெட்டி பெட்டியாக விற்கிறார்கள். பளபளக்கும் தூள், தெர்மாகோல் உருண்டை, பிளாஸ்டிக் கண், பசை டப்பா. ஒரு மத்தியானத்தில் ஒட்டி முடித்தால் ஒரு முயல் வரும். அந்த முயல் அலமாரி மேல் உட்காரும், தூசி படியும், தீபாவளிக்கு வீடு சுத்தம் பண்ணும்போது குப்பைக்குப் போகும். 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்குத் தடை. மலையில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டு வந்தாலே பசுமை வரி கேட்கிறார்கள். அப்படியிருக்க, தெர்மாகோலைக் காசு கொடுத்து வாங்கி மலையேற்றுவானேன்?

அதைவிட எனக்கு வேறொரு குறை. அந்த முயல் ஒன்றுமே செய்யாது. நன்றாக வந்திருக்கிறதா என்று பிள்ளைக்குத் தெரியாது. அம்மா முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும். பம்பரம் அப்படியில்லை. சுழன்றால் சரி, விழுந்தால் தப்பு. யாரும் மார்க் போட வேண்டியதில்லை. ஆகவே லீவில் பிள்ளைகள் செய்வது ஏதாவது வேலை செய்யும் பொருளாக இருக்கட்டும். சுழலணும், மூடணும், திறக்கணும், நிறம் மாறணும். இன்றைக்கு நான் சொல்லப்போவதெல்லாம் அந்த வகைதான்.

பம்பரத்திலிருந்தே தொடங்குகிறேன். தைலமரத்துக்குக் கீழே காய் உதிர்ந்து கிடக்கும், பார்த்திருப்பீர்கள். நீலகிரித் தைலம் எடுக்கிறார்களே, அந்த மரம். காய் மரக்கட்டை மாதிரி கெட்டியாக, சாம்பல் பூத்து இருக்கும். மேல்பக்கம் தட்டை, அடிப்பக்கம் ஒடுங்கிக் கூராகும். இயற்கையே பாதிப் பம்பரம் செய்து போட்டிருக்கிறது. தட்டையான பக்கத்தின் நடுவில் வெடிப்புகள் ஒன்றுகூடும் இடம் தெரியும். அங்கே ஒரு துளை போட வேண்டும். மூட்டை தைக்கிற கோணி ஊசி மேல்மலையில் இல்லாத வீடு கிடையாது, அது போதும். ஆனால் துளை போடுவது பெரியவர்கள் வேலை. கட்டைக் காயில் ஊசி வழுக்கி உள்ளங்கையில் ஏறும். துளையில் மருந்தைச் சுரண்டிய தீக்குச்சி ஒன்றைச் செருகுங்கள். கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் திருகி விட்டால் சுழலும்.

முதல் காய் அநேகமாகத் தள்ளாடும். அதை நீங்கள் வாங்கிச் சரிசெய்து கொடுக்காதீர்கள். குச்சி நடுவில் இல்லையா, காய் ஒரு பக்கம் பெருத்திருக்கிறதா என்று பிள்ளையே பார்க்கட்டும். இரண்டு மூன்று காய் வீணானால் கீழே நூறு கிடக்கிறது. நன்றாகச் சுழல ஆரம்பித்ததும் பழைய நோட்டு அட்டையில் ஒரு வட்டம் வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, குச்சியில் கோத்துவிடுங்கள். இப்போது இன்னும் நேரம் நின்று சுழலும். எடை நடுவை விட்டு விளிம்புக்குப் போகப்போக, சுற்ற ஆரம்பித்ததை நிறுத்துவது கஷ்டம், அவ்வளவுதான் சங்கதி. அட்டையில் பாதி சிவப்பு, பாதி மஞ்சள் தீட்டிச் சுழற்றினால் ஆரஞ்சு தெரியும். சரி, மஞ்சளும் நீலமும் தீட்டினால்? பச்சை என்று எல்லாப் பிள்ளைகளும் சொல்லும், வாத்தியாரும் சொல்லுவார். சுழற்றிப் பாருங்கள், பச்சை வராது. ஏதோ சாம்பல் மாதிரி வரும். கிண்ணத்தில் சாயத்தைக் கலப்பதும் கண்ணுக்குள் வெளிச்சம் கலப்பதும் ஒன்றல்ல.

அடுத்தது பைன் காய். கொடைக்கானலில் பைன் மரம் நடத் தொடங்கியது 1906இல், பிரையண்ட் என்ற வெள்ளைக்கார அதிகாரி காலத்தில் என்பார்கள். கோடை விழாவில் மலர்க் கண்காட்சி நடக்கிறதே, அந்தப் பிரையண்ட் பூங்கா அவர் பெயரில் இருப்பதுதான். மரம் வெளிநாட்டுக்காரன். ஆனால் அதன் காய் நம் பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு. காய்ந்து விரிந்த காய் ஒன்றை எடுத்துத் தண்ணீரில் போட்டு வையுங்கள். மெதுவாகச் செதில்களெல்லாம் மடங்கி, காய் மூடிக்கொள்ளும். எடுத்து அடுப்புப் பக்கம் காயவைத்தால் மறுபடி விரியும். காய் எப்போதோ செத்துப்போனது. உயிரில்லாமலே இதைச் செய்கிறது. ஒவ்வொரு செதிலிலும் இரண்டு அடுக்கு. வெளி அடுக்கு ஈரத்தில் அதிகம் நீளும், உள் அடுக்கு அவ்வளவாக நீளாது. அதனால் செதில் உள்பக்கம் வளைகிறது. மழையில் விதை விழுந்தால் பக்கத்திலேயே விழுந்துவிடும்; காய்ந்த காற்றில் விட்டால் தூரம் பறக்கும். அதற்காக மரம் பண்ணிவைத்த ஏற்பாடு இது.

அந்தக் காயின் ஒரு செதிலில் நீளமான துடைப்பக் குச்சி ஒன்றை முள்ளாக ஒட்டி, பின்னால் ஓர் அட்டையை நிறுத்தி, ஜன்னல் ஓரம் வையுங்கள். செதில் அசைந்தால் முள் நகரும். மத்தியானம் மூடுபனி வரும்போது முள் எங்கே நின்றது, காலையில் எங்கே நின்றது என்று பிள்ளை அட்டையில் கோடு போடட்டும். ஒரு வாரத்தில் ஈரம் காட்டும் கருவி தயார்.

ஒட்டுவதற்குப் பசை வேண்டுமே. கடைப் பசை வேண்டாம், மைதாப் பசை காய்ச்சுங்கள். இரண்டு ஸ்பூன் மைதாவை அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டி இல்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் வெள்ளை போய்க் கண்ணாடி மாதிரி ஆகும். இறக்கிவிடலாம். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் இதில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம். பிள்ளைகள் கைபடும் பசையில் சேர்க்கவே கூடாது.

இப்போது கையில் ஒரு காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் ஒரு பழைய கதை. ஜெர்மனியில் ஃப்ரோபெல் என்றொருவர் 1837இல் சின்னப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார். கிண்டர்கார்டன் என்று இன்று நாம் சொல்வது அவர் வைத்த பெயர்தான். பாடப் புத்தகம் கிடையாது. மரக்கட்டை, குச்சி, காகித மடிப்பு. அந்தக் காகித மடிப்பைப் பார்த்து, நம் சென்னை மாகாணத்தில் வருவாய்த் துறையில் வேலை பார்த்த டி. சுந்தர ராவ் என்பவருக்கு ஒரு யோசனை வந்தது. ஜியோமெட்ரி முழுவதையும் அளவுகோலும் காம்பசும் இல்லாமல் மடித்தே காட்டினால் என்ன? அப்படியே ஒரு புத்தகம் எழுதினார்; 1893இல் சென்னை அடிசன் கம்பெனி அதை வெளியிட்டது. பெரிய கணித மேதை ஃபெலிக்ஸ் க்ளைன் தன் நூலில் அதைக் குறிப்பிட்டார். 1901இல் அமெரிக்காவில், சிகாகோவில், மறுபதிப்பு வந்தது. காகிதம் மடித்து விளையாடுகிற பிள்ளையைப் பார்த்து 'என்னடா வெட்டி வேலை' என்று கேட்கும் அப்பாக்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

அவர் வழியில் ஒன்று செய்வோம். சதுரக் காகிதம். இடது ஓரத்தை வலது ஓரத்தோடு சேர்த்து மடித்துப் பிரியுங்கள். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழுந்திருக்கும். இப்போது கீழே வலது மூலையைத் தூக்கி அந்த நடுக்கோட்டின் மேல் வைக்க வேண்டும். ஆனால் மடிப்பு கீழே இடது மூலை வழியாகப் போக வேண்டும். மெதுவாக நகர்த்தினால் ஒரே ஓர் இடத்தில்தான் பொருந்தும். மூலை நடுக்கோட்டைத் தொட்ட புள்ளியில் பென்சிலால் குறி வையுங்கள். காகிதத்தைப் பிரித்து, அந்தப் புள்ளியிலிருந்து கீழ் மூலைகள் இரண்டுக்கும் கோடு போடுங்கள். மூன்று பக்கமும் சமமான முக்கோணம். அளக்கவே இல்லை! ஏன் சமம் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளையைக் கேளுங்கள். தூக்கி வைத்தது கீழ்ப்பக்கத்தைத்தானே. அதன் நீளம் எங்கே போகும்?

அதே ஃப்ரோபெல் பள்ளியில் இன்னொரு வேலை உண்டு. அது மேல்மலைக்கென்றே ஏற்பட்டது போல எனக்குத் தோன்றும்: பட்டாணியும் குச்சியும். காய்ந்த பட்டாணியை ராத்திரி ஊறவைத்து, காலையில் துணியில் ஒற்றி எடுங்கள். தீக்குச்சியோ பல்குத்தும் குச்சியோ எடுத்து, பட்டாணியை மூட்டாக வைத்துக் கோத்துக்கொண்டே போகலாம். பிள்ளைகள் முதலில் சதுரம்தான் கட்டும். அது இழுத்த பக்கமெல்லாம் சரியும். முக்கோணம் கட்டினால் அசையாது. சதுரத்துக்குக் குறுக்கே ஒரு குச்சி கொடுத்தால் அதுவும் அடங்கும். தகரக் கூரைக்குக் கீழே இரும்புச் சட்டம் ஏன் முக்கோணம் முக்கோணமாக இருக்கிறது என்று அப்போது அண்ணாந்து பார்ப்பார்கள். இரண்டு நாளில் பட்டாணி காய்ந்து குச்சியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்; வீடு, கோபுரம் எது கட்டினாலும் அப்படியே நிற்கும்.

இதே யோசனையை நம் காலத்தில் நாடெங்கும் கொண்டு சேர்த்தவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐஐடியில் படித்தவர். குப்பையிலிருந்து அறிவியல் பொம்மை செய்வதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்டார். 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் மூட்டுக்குப் பட்டாணி வைக்கவில்லை, சைக்கிள் வால்வு ட்யூப்பைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டார். மேல்மலை ஏற்றத்தில் சைக்கிளுக்கு எங்கே போவது? நமக்குப் பட்டாணிதான்.

உருளைக்கிழங்கு அச்சு எல்லாருக்கும் தெரியும், நான் நீட்டவில்லை. ஒன்று மட்டும்: வெட்டிய முகத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுச் சாயம் தொடுங்கள், மாவுத் தண்ணீர் இருந்தால் சாயம் நிற்காது. எழுத்து வெட்டினால் திரும்பித்தான் விழும். பெயர் 'ப'வில் தொடங்கும் பிள்ளைகள் தப்பித்துக்கொள்வார்கள், 'க' மாட்டிக்கொள்ளும்.

மழை நாளுக்கு ஒரு மாயம். மஞ்சள் தூளைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து வெள்ளைக் காகிதத்தில் பூசிக் காயவையுங்கள். சோப்புத் தண்ணீரில் துடைப்பக் குச்சியைத் தொட்டு அதில் எழுதினால் எழுத்து சிவப்பாக வரும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பாவதும் இதேதான். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். மேலே எலுமிச்சம் சாறு தடவினால் மறுபடி மஞ்சள். பிள்ளைகளிடம் சுண்ணாம்பு டப்பாவை மட்டும் கொடுக்காதீர்கள், கண்ணில் பட்டால் ஆபத்து. சோப்பே போதும்.

அடுத்தது உல்லன் நூல். மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி மையம் 1965 முதல் இருக்கிறது. மெரினோ வகை ஆடுகள் மேய்வதைப் பார்க்க டூரிஸ்டுகள் போகிறார்கள். ஆனாலும் நம் பிள்ளைகளுக்கு உல்லன் நூல் கிடைப்பது சின்னதாகிப்போன ஸ்வெட்டரிலிருந்துதான். ஒரு முனையைக் கண்டுபிடித்து இழுத்தால் வரிசை வரிசையாகப் பிரிந்து வரும். சுருள் சுருளாக இருக்கும் நூலை நாற்காலி முதுகில் சுற்றி, நனைத்துக் காயவிட்டால் நேராகும். நான்கு விரலில் தடிமனாகச் சுற்றி, நடுவில் இறுகக் கட்டி, இரு பக்கமும் வெட்டினால் குஞ்சம். குல்லா உச்சியில் தைத்துக்கொள்ளலாம்.

பொருள் பொறுக்கப் போகும் பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம் சொல்லி அனுப்புங்கள். ஒன்று, கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது. காட்டுக்குள் போய் எதையும் எடுக்கக் கூடாது. நம் பட்டா நிலம், சாலையோரம், வீட்டு வாசல், அவ்வளவு போதும். காட்டெருமை நிற்கிற இடத்தில் காயும் வேண்டாம், பம்பரமும் வேண்டாம். இரண்டு, வேலியோரம் வெள்ளையாகவும் ரோஸ் நிறத்திலும் தலைகீழாகத் தொங்கும் பெரிய ஊமத்தைப் பூ. பார்க்க அழகு, இலை பூ விதை எல்லாமே விஷம். அதைத் தொட்ட கையோடு கண்ணைக் கசக்கினாலே தொல்லை. குட்டிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தைலமரக் காயையும் பட்டாணியையும் எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள். வாய்க்குள் போனால் தொண்டையில் அடைக்கும்.

கடைசியாக, மேல்மலைப் பிள்ளைகளை யாரும் மிஞ்ச முடியாத ஒரு வேலை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பிடுங்கிய பூண்டைத் தாளோடு கட்டி அடுப்புப் புகை படும் இடத்தில் தொங்கவிடுவது நம் வழக்கம். இந்த முறை கொஞ்சம் பூண்டைப் பிள்ளைகளிடம் கொடுங்கள், கட்ட வேண்டாம், சடை பின்னட்டும். பிடுங்கி ஓரிரு நாள் நிழலில் வாடவிட்டால் தாள் முறியாமல் வளையும். மண்ணை உதறுங்கள், கழுவ வேண்டாம். மூன்று பூண்டைச் சேர்த்துக் கழுத்தில் நூலால் கட்டி, மூன்று தாளையும் தலை பின்னுவது போலப் பின்ன வேண்டும். ஒவ்வொரு பின்னலுக்கும் நடுவில் புதிதாக ஒரு பூண்டை வைத்து அதன் தாளை நடுத்தாளோடு சேர்த்துக்கொண்டு போகலாம். தளர்வாகப் பின்னினால் தாள் காய்ந்து சுருங்கும்போது பூண்டு ஒவ்வொன்றாக உதிரும். அதனால் ஒருவர் இழுத்துப் பிடிக்க, ஒருவர் பின்ன வேண்டும். அக்காளும் தம்பியும் சண்டையில்லாமல் செய்கிறார்களா பாருங்கள்.

வடுகபட்டிச் சந்தைக்குப் போகும் மூட்டையில் இதைச் சேர்க்காதீர்கள், அங்கே எடைக்குத்தான் விலை. வீட்டுக்கே வைத்துக்கொள்ளுங்கள். சமையலுக்கு எடுக்கும்போது பிய்த்து இழுக்காமல் கத்தரியால் வெட்டி எடுங்கள். கடைசியாகச் சேர்த்த பூண்டிலிருந்து ஆரம்பியுங்கள். முதலில் கட்டிய அந்த மூன்றைத் தொட்டால் சடை மொத்தமும் அவிழ்ந்துவிடும்.