தேக்கு வளர்ப்பும் அதன் வியாபாரமும்
(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



மரம் வளர்த்து விற்கும் தொழிலைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று நான் சொன்னபொழுது, நமது காரியதரிசியவர்கள் சிரித்துவிட்டு, “தம்பி, முப்பது வருஷம் கழித்துக் காசு வரும் வியாபாரத்தைப் பற்றி இருபத்திரண்டு வயதுப் பிள்ளை பேசுவதா?” என்று கேட்டார்கள். இருபத்திரண்டு வயதில் பேசாமல் வேறு எப்பொழுது பேசுவது? ஐம்பது வயதில் நட்டால் எண்பதில் அல்லவா தறிக்க வேண்டும்!

இதைப் பேச எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. எனது பெரியப்பா 1984ஆம் ஆண்டில் வன்னியிலுள்ள தம் காணியில் தேக்கங் கன்றுகள் நாட்டினார். ஆறடிக்கு ஒன்றாக நட்டார். கன்றும் நன்றாகப் பிடித்தது. பின்னர் வந்தது இடப்பெயர்வு. 2010இல் திரும்பிப் போய்ப் பார்த்தபொழுது, வீட்டுக்குக் கூரை இல்லை. தேக்கு மட்டும் நின்றது. ஆனால் எப்படி நின்றது? உள்ளே நின்றவையெல்லாம் ஒன்றையொன்று நெருக்கி, கம்பு கம்பாக மேலே ஓடியிருந்தன. வாய்க்கால் ஓரத்து வரிசை மாத்திரம் வெளிச்சமும் இடமும் பெற்றுப் பருத்திருந்தது. 2016இல் வியாபாரி ஒருவர் வந்து, சுற்றிப் பார்த்து, “மரமொன்றுக்கு இவ்வளவு” என்று ஒரே விலை பேசினார். வீடு கட்டப் பணம் வேண்டியிருந்தமையால் பெரியப்பாவும் சம்மதித்தார். சின்ன மரத்துக்கும் அதே விலை, பெரிய மரத்துக்கும் அதே விலை. வாய்க்கால் ஓரத்து மரங்கள்தான் முதலில் லொறியில் ஏறின. உள்ளே நின்றவற்றிலும் நல்லனவற்றைத் தறித்துக்கொண்டு, பதினொரு மரங்களைச் “சிறிசு” என்று விட்டுவிட்டுப் போனார்.

நான் அப்பொழுது மிஷன் பாடசாலையிலே எட்டாம் வகுப்பு. வட்டத்தின் பரப்பளவு காணும் கணக்கை எங்கள் கணித ஆசிரியர் பிரம்பின் துணையோடு கற்பித்த காலம். அந்தக் கணக்கு பெரியப்பாவின் காணிக்கு உரியது என்பது எனக்கு விளங்கியது பின்னர் விவசாய பீடத்துக்குப் போன பிறகுதான்.

மரக்காலைகளில் உருண்டை மரத்தை அளக்கும் பழைய முறை இது: நூலால் மரத்தின் சுற்றளவை எடுப்பர், அந்த நூலை நான்காக மடிப்பர், அந்த நாலிலொரு பங்கைத் தன்னாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்குவர். நான்கடிச் சுற்றளவும் பத்தடி நீளமும் உள்ள மரம் இம்முறைப்படி 10 கன அடி. உண்மையான வட்டக் கணக்குப் போட்டாலோ ஏறக்குறைய 12¾ கன அடி வரும். இடைவெளியைச் சதுரம் சீவும் கழிவு என்பார்கள். வழக்கம் அது, அதில் குற்றமில்லை. ஆனால் விற்பவனும் அதை அறிந்திருக்க வேண்டாமா?

இனி, இரண்டடிச் சுற்றளவுள்ள மரத்தைப் பாருங்கள். அதே பத்தடி நீளத்துக்கு 2½ கன அடிதான். சுற்றளவு இரட்டித்தால் மரம் நாலு மடங்காகிறது. அதுவுமன்றிப் பருத்த மரத்தில் வைரம் மிகுதி, வெள்ளை குறைவு. ஆகையால் ஒரு கன அடியின் விலையும் ஏறுகிறது. பெரியப்பா ஒரே விலைக்குக் கொடுத்த இரண்டு மரங்களில் ஒன்று மற்றதைப்போல் நாலு மடங்கு. இத்தொழிலின் இலாபமும் நட்டமும் இந்த ஓரிடத்தில்தான் பெரிதும் கிடக்கின்றன.

ஆகவே மரத்தைப் பருக்க வைப்பது எப்படி? ஆறடிக்கு ஒன்றாக நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 1,200 கன்று கொள்ளும். முதலில் அந்த நெருக்கம் நல்லது. கிளை விடாமல் நேரே உயரும். ஆனால் தேக்கு நிழலைத் தாங்காத மரம். சில ஆண்டுகளில் கோணலும் நோஞ்சலுமானவற்றை நீக்க வேண்டும். பின்னும் சில ஆண்டு விட்டு மறுபடியும் நீக்க வேண்டும். கடைசியில் இருபதடிக்கு ஒன்றாக, ஏக்கருக்கு நூற்றுச் சொச்சம் மரமே நிற்கும். ஆயிரம் மரத்தை நீக்குவதா என்று எங்கள் சனங்களுக்கு மனம் வராது. நீக்கியவை வீணல்ல, கப்புக்கும் வேலிக்கும் பந்தலுக்கும் போகும். இடையில் வரும் வருமானமும் அதுவே.

நடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். தேக்கின் கொட்டை மிகக் கடினமானது. இரவில் நீரில் ஊறவைத்துப் பகலில் வெயிலில் காயவைத்து, இப்படிப் பல நாள் செய்து நாற்றுமேடையில் இட வேண்டும். ஓராண்டு சென்றபின் பிடுங்கி, தண்டில் ஓரங்குலமும் வேரில் ஒரு சாணளவும் விட்டு நறுக்கி, மழை தொடங்கும்போது அலவாங்கினால் துளையிட்டு நடலாம். வெள்ளம் தேங்கும் நிலம் ஆகாது.

மலையாளத்து நிலம்பூரில் 1840களில் முதன்முதல் தேக்கந் தோட்டம் போட்ட கலெக்டர் கொனொலியும் அவரது உத்தியோகத்தர் சாத்து மேனனும் இந்தக் கொட்டையோடுதான் மல்லாடினார்கள். பம்பாயிலே கப்பல் கட்டுவதற்கு மலபார்க் காடுகள் தறிக்கப்பட்டு ஒழிந்துகொண்டிருந்த காலம் அது. முதலில் இட்ட விதைகள் முளைக்கவில்லை. விடாமல் முயன்று வென்றார்கள். 1855இல் கொனொலி கொல்லப்பட்டார். தாம் வைத்த மரம் முதிர்ந்ததை அவர் காணவில்லை. அத்தோட்டத்தில் ஒரு துண்டு இன்றும் தறிக்கப்படாமல் அவர் பெயராலே நிற்கிறது.

பெரியோர்கள் கேட்கக்கூடும்: அரசாங்கத்துக்கு அது சரி, முப்பது வருஷம் எங்கள் அடுப்பு எப்படி எரியும்? நியாயமான கேள்வி. 100 ரூபாவை வருடம் 8 வீத வட்டிக்கு விட்டால் முப்பது வருஷத்தில் 1,000 ரூபா ஆகிவிடும். ஆகையால் இன்று செலவிடும் ஒவ்வொரு ரூபாவுக்கும் தேக்கு பத்து ரூபா திருப்பித் தந்தால்தான் வட்டிக்குச் சமம். தொடக்கச் செலவைக் குறைப்பதே இதற்கு வழி. பர்மாவில் 1856 முதல் காடுகளை நிர்வகித்த பிராண்டிஸ் என்னும் ஜெர்மானியர், மலைவாழ் கரென் மக்களைத் தம் சேனைப் பயிருக்கிடையிலே தேக்கையும் நடச் செய்தார். முதல் இரண்டு மூன்று வருஷம் உழுந்தோ பயறோ கச்சானோ இட்டால், களை பிடுங்கும் கூலியை அப்பயிரே கொடுத்துவிடும்.

இரண்டாவது வழி, காணியைப் பங்கிடுதல். முப்பது துண்டாக்கி வருடத்துக்கு ஒன்றாக நட்டு வந்தால், முப்பத்தோராம் வருடம் தொடக்கம் வருடத்துக்கு ஒரு துண்டு தறித்து, அதிலேயே மறுபடி நடலாம். வளர்வதற்கு மேல் வெட்டாதே என்பதுதான் இதன் சாரம். இக்கருத்தை 1713இல் சக்சனி தேசத்துச் சுரங்க அதிகாரி கார்லோவிட்ஸ், வெள்ளி உருக்க விறகில்லாத தட்டுப்பாட்டைக் கண்டு நூலாக எழுதினார். முப்பது துண்டுக்கு எங்களிடம் காணி ஏது என்றால், முப்பது குடும்பம் கூடினால் ஆகாதா? இதை இச்சபையிலுள்ள காணிக்காரர் யோசிக்கட்டும்.

சட்ட விஷயமும் ஒன்று. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறிக்கலாகாது. தேக்கை வீதியாற் கொண்டுபோக அனுமதிப்பத்திரம் வேண்டும். பத்திரத்துக்கு அலைய மனமில்லாமல் பலர் நின்ற மரத்தை நின்றபடியே விற்கிறார்கள். அந்த அலைச்சலுக்கு அஞ்சியே பாதி விலை போகிறது. பத்து வருடத்தில் பத்து மடங்கு என்று சொல்லிக் கன்று விற்க வருவோரிடமும், இந்த நூற்கணக்கைப் போட்டுக் காட்டும்படி கேளுங்கள்.

சென்ற விடுமுறையில் நான் பெரியப்பாவுடன் காணிக்குப் போனேன். எஞ்சிய பதினொரு மரங்களுக்கும் இப்பொழுது இடம் கிடைத்துவிட்டமையால் அவை பருக்கத் தொடங்கியிருக்கின்றன. நூல் பிடித்து ஒவ்வொன்றின் சுற்றளவையும் கொப்பியில் எழுதினோம். நாங்கள் அளந்துகொண்டிருக்கையிலேயே ஒரு வியாபாரி வந்து படலையில் நின்று, “ஐயா, மரமொன்றுக்கு என்ன விலை?” என்றார். பெரியப்பா கொப்பியை என்னிடம் வாங்கிப் பார்த்துவிட்டு, “கன அடிக்கு என்ன தருவீர் என்று சொல்லும்” என்றார்.