முந்நீர் வழக்கமும் ஒரு நீல நிறக் கோப்பும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



'அகத்திணையில் பிரிவு' என்ற பொருளில் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவனுக்கு இது எளிய தலைப்பு; வகுப்பறைக் குறிப்புகளே போதும். ஆயினும் நான் இன்று நூல் எதையும் கொண்டுவரவில்லை. ஒரு கோப்பைக் கொண்டுவந்திருக்கிறேன். நீல நிற அட்டை, உள்ளே நூற்றுப்பதினொரு தாள்கள். என் மகள் தன் கணவனோடு சேர்ந்து வாழ்வதற்காக நாங்கள் சேர்த்த தாள்களின் படிகள் இவை. இதையும் பிரிவிலக்கியமாகக் கருத வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

தொல்காப்பியர் அகத்திணையியலில் ஒரு விதி செய்திருக்கிறார். முந்நீர் வழக்கம் மகளிரோடு இல்லை என்பது அது. முந்நீர் என்பதற்குக் கடல் என்றே பொருள் கொண்டோரும் உண்டு. மூவகைத் தன்மையுடைய பிரிவு என்று கொண்டோரும் உண்டு. உரையாசிரியர் பூசலுக்குள் நான் போகவில்லை. கடல் என்றே வைத்துக்கொள்வோம். ஆண் கடல் கடப்பான், பெண் கரையில் இருப்பாள், பாடல் பிறக்கும். பொருளீட்டச் சென்றவன் கார்காலத்தில் திரும்புவான் என்பது அந்த உலகத்தின் ஒப்பந்தம்.

நம் ஊரில் அந்த ஒப்பந்தம் சைகோன் காலத்தில் மெல்ல உடைந்தது. 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணைப்படி தம் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்களை ரெனோன்சான் என்றார்கள். குடிமக்களுக்குரிய பதவிகள் அவர்களுக்குத் திறந்தன. இந்தோசீனாவில் காவலராக, சுங்க அலுவலராக, வரி வசூலிப்பவராக, படைவீரராக நம்மவர் பரவினர். அவர்களுள் சிலர் வியட்நாமிய மனைவியரோடும் பிள்ளைகளோடும் திரும்பினார்கள். அந்தப் பெண்கள் முந்நீரைக் கடந்து நம் தெருக்களுக்கு வந்தவர்கள். அவர்களுடைய சமையல் இன்றும் நம் ஊர் வீடுகளில் மணக்கிறது. அவர்களுடைய பிரிவு பற்றித் தமிழில் ஒரு வரி உண்டா என்று தேடினேன், எனக்குக் கிட்டவில்லை. எவரேனும் அறிந்திருந்தால் கூட்டம் முடிந்ததும் சொல்லுங்கள்.

என் தாய்மாமன் அப்படிப்பட்ட ஒரு சொல்தா. இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து ஓய்வூதியம் பெற்றவரை நம் ஊர் அப்படித்தான் அழைத்தது. அவர் வியட்நாமியப் பெண்ணை மணக்கவில்லை. எங்கள் அத்தையை இங்கே விட்டுவிட்டுத்தான் போனார். அத்தை பதினோராண்டுகள் கரையில் இருந்தார். அதுவரை தொல்காப்பியம் செல்லுபடியாயிற்று.

பிறகு வந்தது 1962. வரலாறு உங்களுக்குத் தெரியும், சுருக்கமாகவே சொல்கிறேன். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்களித்த 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய விரும்பினார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28 அன்று உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அது நடைமுறைக்கு வந்ததோ 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். அந்நாள் வரை சட்டத்தின் கண்ணில் நாம் பிரெஞ்சு நாட்டவர். ஏழு வயது வரை நானும் பிரெஞ்சு நாட்டவன்தான். அது தெரியாமலே கோலி விளையாடிக்கொண்டிருந்தேன்.

உடன்படிக்கையின்படி, இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்தவர்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். வேண்டாம் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவித்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். தந்தையின் முடிவே பதினெட்டு வயது நிரம்பாத, மணமாகாத பிள்ளைகளுக்கும் முடிவு. ஐயாயிரத்துக்குச் சற்றுக் குறைவானவர்களே அவ்வாறு 'ஒப்சியோன்' போட்டார்கள். என் மாமா போட்டார். அவர் மகனுக்கு அப்போது பதினேழு வயது. தந்தையோடு அவனும் பிரெஞ்சுக்காரனானான். என் தாயார் அவரோடு உடன்பிறந்தவர். ஆனால் முடிவு செய்ய வேண்டியவர் என் தந்தையார், அவர் போடவில்லை. பாரதிதாசனாரின் பாட்டை வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிட்டு அந்தப் படிவத்தில் எப்படிக் கையெழுத்திடுவது என்று அம்மாவிடம் கேட்டாராம். அம்மா என்ன விடை சொன்னார் என்பதை அப்பா எங்களுக்குச் சொன்னதில்லை. அம்மாவும் சொன்னதில்லை. ஒரே முற்றத்தைச் சுற்றி வாழ்ந்த அண்ணனும் தங்கையும் 1963 பிப்ரவரி நடுவில் வெவ்வேறு நாட்டவராயினர். முற்றத்தில் கோடு ஏதும் விழவில்லை. அம்மாவின் மீன்குழம்பு இரண்டு தேசத்துக்கும் போயிற்று.

1971-இல் என் அக்காளை மாமன் மகனுக்கே கொடுத்தோம். அன்று நடப்பிலிருந்த பிரெஞ்சுச் சட்டப்படி, பிரெஞ்சுக்காரனை மணந்த அயல்நாட்டுப் பெண் மணம் நிகழ்ந்த நொடியிலேயே பிரெஞ்சுக்காரி ஆவாள். தாலி ஏறிப் பதிவேட்டில் கையெழுத்தும் விழுந்ததும், தந்தையார் கைவிட்ட குடியுரிமை அக்காளிடம் திரும்ப வந்துவிட்டது. எவரும் அவரிடம் எதையும் மெய்ப்பிக்கச் சொல்லவில்லை. அதே சட்டம், பிரெஞ்சுப் பெண்ணை மணந்த அயல்நாட்டு ஆணுக்கு அந்தச் சலுகையைத் தரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மனைவி கணவனின் நிழல் என்ற எண்ணம்தான் அந்தத் தாராளத்துக்கு அடிப்படை. 1973 சனவரியில் வந்த சட்டம் இருபாலரையும் சமமாக்கியது. அத்தோடு தானாக வருவதையும் நிறுத்தியது. இன்றைய நிலையில், மணமாகி நான்கு ஆண்டு, சில நிலைகளில் ஐந்தாண்டு கழிந்தபின்பே துணைவர் குடியுரிமை கோர முடியும்.

அக்காள் 1973-இல் பாரிசுக்கு வடக்கே சார்செல் நகரத்துக்குப் போனார். அவர் மகனை என் மகள் 2017-இல் மணந்தாள். அத்தை மகன்; நம் வழக்கில் இதைவிட நேரான உறவு இல்லை. இனிக் கோப்புக்கு வருகிறேன்.

பிரெஞ்சுக் குடிமகன் வெளிநாட்டில் மணம் செய்வதென்றால், மணத்துக்கு முன்பே துணைத் தூதரகத்திடம் தகுதிச் சான்று பெற வேண்டும். பெயர்கள் அறிவிப்பாக வெளியிடப்படும். இருவரையும், வேண்டுமானால் தனித்தனியாக, அழைத்துக் கேட்கும் உரிமை அதிகாரிக்கு உண்டு. மணம் முடிந்தபின் அதைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஏறினால்தான் குடும்பக் கையேடு வரும். ஐயம் எழுந்தால் செய்தி நாந்த் நகரத்து அரசு வழக்கறிஞருக்குப் போகும். 2006 நவம்பர்ச் சட்டம் இந்த முறையை இறுக்கியது. இவ்வளவும் முடிந்த பிறகே துணைவருக்கான நெடுங்கால விசா. அந்த விசாவுக்குக் கட்டணம் கிடையாது. மோசடி, மண ரத்து, பொது ஒழுங்குக்குக் கேடு என்ற காரணங்களுக்காக மட்டுமே அதை மறுக்கலாம். சட்டம் கொடியது என்று நான் சொல்லவரவில்லை. போலித் திருமணங்கள் நடந்திருக்கின்றன. 'பிரெஞ்சு நேஷனல்' மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நம் ஊர்த் திருமணச் சந்தையில் இருந்த மதிப்பை நாம் மறைக்க வேண்டாம். சந்தையை நாம் நடத்திவிட்டுக் காவலைக் குறை சொல்வது முறையல்ல.

ஆனால் நேர்காணலில் என் மகளிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. 'நீங்கள் இருவரும் முதன்முதலாக எப்போது சந்தித்தீர்கள்?' எல்லாரிடமும் கேட்கும் கேள்விதான், அன்பாகவே கேட்டார்களாம். அவள் சொன்ன விடை: 'எனக்கு நினைவில்லை. எனக்கு அப்போது பதினாறு நாள்.' அது உண்மை. அவளைத் தொட்டிலில் இட்ட நாளில், அத்தையோடு பாரிசிலிருந்து வந்த நான்கு வயதுச் சிறுவன் தொட்டிலை வேகமாக ஆட்டி அடி வாங்கினான். படிவத்தில் அதற்கு இடமில்லை. முறை என்ற சொல்லை அந்த மொழியில் எப்படிச் சொல்வது என்று மகள் அன்றிரவு என்னிடம் கேட்டாள். நான் அகராதியைப் பார்த்தேன். சட்டம் என்று வருகிறது, வழக்கம் என்று வருகிறது, ஒழுங்கு என்று வருகிறது. இவள் பிறக்கும் முன்பே இவளுக்கென ஒருவன் இருக்கிறான் என்ற பொருள் எதிலும் வரவில்லை.

இதிலும் நாங்கள் நற்பேறுடையவர்களே. பிரெஞ்சுச் சிவில் சட்டம் அத்தை மாமன் பிள்ளைகள் மணப்பதைத் தடுக்கவில்லை. தாய்மாமன் அக்காள் மகளை மணப்பதை அதன் 163-ஆம் பிரிவு தடுக்கிறது; தக்க காரணம் இருந்தால் குடியரசுத் தலைவரே அத்தடையை நீக்கலாம் என்கிறது அடுத்த பிரிவு. நம் தெருவில் பாட்டிமார் திண்ணையில் அமர்ந்து முடித்த ஒன்றுக்குப் பாரிசின் எலிசே மாளிகையில் கையெழுத்து வேண்டும்!

மகளின் கோப்பைத் தடுத்து நிறுத்தியது உறவு அன்று, ஓர் எழுத்து. என் பிறப்புப் பதிவு 1955-ஆம் ஆண்டினது. பிரெஞ்சு முறைப்படி என் பெயரின் உகரத்தை ஓ, யூ என்ற இரண்டு எழுத்துகளால் எழுதியிருக்கிறார்கள். 1989-இல் மகளின் பிறப்புப் பதிவில் தந்தை பெயர் ஆங்கில முறைப்படி வெறும் யூ ஆகிவிட்டது. முன்னெழுத்து வேறு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. ஓர் அலுவலகத்தில், இவ்விருவரும் வேறு வேறு ஆட்கள் என்று கோப்பைத் திருப்பிவிட்டார்கள். நானும் நானும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதினேன். அது போதாதென்று மீண்டும் எழுதினேன். என் பெயரின் இறுதியில் நிற்பது குற்றியலுகரம். அதற்கு அரை மாத்திரை என்று முப்பத்து மூன்று ஆண்டுகள் கற்பித்திருக்கிறேன். அது பதினான்கு மாதம் ஒலித்தது.

அந்தப் பதினான்கு மாதத்துக்குள் மகள் தாயானாள். தந்தை பிரெஞ்சுக்காரன் என்பதால் குழந்தை பிறப்பால் பிரெஞ்சுக் குடிமகள். வீட்டில் தாலாட்டுப் பாடியவள் விண்ணப்பதாரர். தொட்டிலில் கிடந்தவளுக்கு விண்ணப்பம் தேவையில்லை. மருமகன் இருமுறை விடுப்பெடுத்து வந்தான். மற்ற நாளெல்லாம் கைப்பேசித் திரையில் தந்தையைப் பார்த்த குழந்தை, அவன் நேரில் வந்தபோது அவன் முகத்தைத் தொட்டுவிட்டுக் கைப்பேசியைத் தேடியது.

பிரான்சை மட்டும் சொல்வது நேர்மையாகாது. 1979-இல் இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், தமக்கு நிச்சயிக்கப்பட்டவரை மணக்க வந்த இந்திய ஆசிரியை ஒருவரைக் கன்னிமைச் சோதனைக்கு உள்ளாக்கினார்கள். செய்தி வெளியானதும்தான் அந்த வழக்கம் நின்றது. துணைவரை அழைத்துக்கொள்ள ஆண்டு வருமானம் 18,600 பவுன் இருக்க வேண்டும் என்று 2012-இல் விதித்த பிரிட்டன், 2024 ஏப்ரலில் அதை 29,000 ஆக்கியது. பொருள்வயிற் பிரிந்தவன் எவ்வளவு பொருள் ஈட்டினால் தலைவி வரலாம் என்பதற்குத் தொல்காப்பியர் கணக்குச் சொல்லவில்லை.

பாவலர்களே, உங்களிடம் சொல்லவேண்டிய ஒன்றை இப்போது சொல்கிறேன். அகப்பாடலில் தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டக்கூடாது என்பது நம் மரபு. பெயர் வந்தால் அது புறமாகிவிடும். இந்தக் கோப்போ பெயரிலேயே தொடங்குகிறது. நாள், ஊர், தந்தை பெயர், தாய் பெயர், ஒளிப்படம், கடிதம், தொலைபேசிப் பட்டியல் அனைத்தும் இதில் உண்டு. இருவர் மட்டும் அறிந்த ஒன்றை மூன்றாமவர் நம்பும்படி காட்டவேண்டும். என் மகளும் மருமகனும் எழுதிக்கொண்ட சில மடல்களைச் சான்றாக வைத்தார்கள். அவற்றை நிழற்படி எடுக்கப் போனவன் நான்தான். கடைக்காரர் ஒவ்வொரு தாளாகக் கண்ணாடியில் கவிழ்த்தபோது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். அகத்திணை கற்பித்த காலமெல்லாம், பெயர் சுட்டாமை ஓர் அழகியல் விதி என்றே சொல்லிவந்தேன். அது ஒரு பாதுகாப்பு என்பது நிழற்படிக் கடையில்தான் விளங்கிற்று.

இதை நம் கவிதை இன்னும் போதிய அளவு தொடவில்லை என்பது என் கருத்து. மாகேக்கு 1974-இலேயே எம். முகுந்தன் மலையாளத்தில் நாவல் எழுதிவிட்டார். நம் பிரபஞ்சன் துய்ப்ளேக்சு காலத்துப் புதுச்சேரியை உயிர்ப்பித்துத் தந்தார். ஆரி கோத்தியே நம் திண்ணையை 2018-இல் பிரெஞ்சு நாவலின் தலைப்பாகவே வைத்தார். நாகரத்தினம் கிருஷ்ணா ஸ்ட்ராஸ்பூரிலிருந்து தமிழில் எழுதுகிறார். உரைநடை தன் கடனைச் செய்கிறது. கவிஞர்கள் நாம் இன்னும் விமான நிலையத்தில் கையசைப்பதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம். விமான நிலையம் இதன் கடைசித் தாள். இதற்கு முன்னால் நூற்றுப்பத்துத் தாள்கள் இருக்கின்றன.

மகள் போய்விட்டாள். விசா வந்த பன்னிரண்டாம் நாள் புறப்பட்டாள். சென்றதும் மூன்று மாதத்துக்குள் அந்த விசாவை அங்கே உறுதிப்படுத்த வேண்டும், மொழி வகுப்புக்குப் போகவேண்டும் என்றெல்லாம் உண்டு, செய்துவிட்டாள். எங்கள் தெருவில் இப்போது ஏழு வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, இரண்டு விடுதிகளாகிவிட்டன. என்னையும் என் மனைவியையும் வந்துவிடுமாறு மகள் அழைக்கிறாள். மனைவிக்கு விருப்பம். நான் இன்னும் விடை சொல்லவில்லை. அப்பாவைப் போல இழுத்தடிக்கிறேன் என்கிறாள் மனைவி. அவள் சொல்வது சரியாகவும் இருக்கலாம்.

செயலாளரிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வோர் உறுப்பினரும் தம் வீட்டுப் பெட்டியிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவரட்டும். சைகோன் கடிதமாக இருக்கலாம், பழைய பிறப்புப் பதிவாக இருக்கலாம், திரும்பி வந்த விண்ணப்பமாக இருக்கலாம். வாசித்துவிட்டுத் திருப்பி எடுத்துச் செல்லலாம். என் பங்குக்கு 1962-இல் அப்பா வாங்கிவந்த படிவத்தைக் கொண்டுவருகிறேன். அம்மா இறந்தபின் அவருடைய புடவைகளுக்கு அடியில் கிடைத்தது. பெயர், ஊர், பிறந்த நாள், பிள்ளைகளின் பெயர்கள் எல்லாவற்றையும் அப்பா தம் கையாலேயே நிரப்பியிருக்கிறார். கையெழுத்துக்குரிய இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது.