கண்ணில் இருக்கும் கேள்வி



பினாங்கு ஜார்ஜ்டவுனின் ஆர்மீனியன் வீதியில், 2012-இல் ஓவியர் எர்னஸ்ட் சக்காரெவிச் தீட்டிய சுவரோவியத்தை நீங்கள் அறிவீர்கள். சைக்கிள் நிஜம், அதில் அமர்ந்திருக்கும் இரண்டு குழந்தைகளும் வெறும் வண்ணம். ஒற்றைக் கண் கொண்ட கேமராவில் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. நேரில் அப்படியல்ல. நம் இரு கண்களிலும் விழும் பிம்பங்கள் சற்றே வேறுபடுவதால், சைக்கிள் சுவரைவிட்டு விலகி நிற்பதை மூளை கணித்துவிடுகிறது. தீட்டப்பட்ட நிழலோ எல்லாம் ஒரே காட்சிதான் என்று வாதாடுகிறது. இந்த வழக்கு தீராமல் இருப்பதே அந்த ஓவியத்தின் சுவை என்பது என் கருத்து. ஆகவே கலை சுவரில் பாதிதான். மறுபாதி பார்ப்பவரிடம் நிகழ்கிறது.

இந்த மறுபாதிக்கு விதிகள் உண்டா? தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன், வில்லியம் ஹர்ஸ்டீனுடன் 1999-இல் எழுதிய கட்டுரையில் கலை அனுபவத்துக்கான எட்டு விதிகளை முன்வைத்தார். அவற்றுள் ஒன்றான மிகைப்படுத்தல் விதிக்கு, சோழர் காலப் பார்வதி செப்புத்திருமேனி அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று. பெண்மையின் அடையாளங்களைச் சிற்பி மிகைப்படுத்தினார்; அந்த மிகை, இயல்பான வடிவத்தைவிட வலுவாக மூளையைத் தூண்டுகிறது என்றார். மறுப்பு உடனே எழும்: கேலிச்சித்திரமும் இதே விதியில்தான் இயங்குகிறது, அப்படியானால் திருமேனிக்கும் கடைத்தெருப் பொம்மைக்கும் என்ன வேறுபாடு? நியாயமான கேள்வி. கண் ஏன் சிக்குகிறது என்பதற்கு அந்த விதி விடை சொல்லும். கை ஏன் குவிகிறது என்பதற்குச் சொல்லாது.

அதற்கான தடயம் வேறோர் ஆய்வில் இருக்கிறது. ரஷ்ய அறிஞர் ஆல்பிரட் யார்பஸ், ஓவியர் ரேப்பினின் ஓர் ஓவியத்தைக் காட்டிப் பார்ப்பவரின் விழி அசைவைப் பதிவு செய்தார். படத்தில் இருப்போரின் வயதைக் கேட்டபோது விழி முகங்களில் நின்றது; குடும்பத்தின் வசதியைக் கேட்டபோது உடைக்கும் அறைப் பொருள்களுக்கும் தாவியது. படம் மாறவில்லை, கேள்வி மாறியது. அதே ஜார்ஜ்டவுனில், குயின் வீதி மகாமாரியம்மன் கோயில் கோபுரத்தை நேர்த்திக்கடனோடு வருபவரும் சுற்றுலாப் பயணியும் அண்ணாந்து பார்க்கிறார்கள். விழித்திரையின் அமைப்பு ஒன்றே. அவர்கள் கொண்டுவரும் கேள்வி வேறு. அந்தக் கேள்வியைத் தருவது வளர்ப்பும் பண்பாடும் கல்வியும்.

இப்படி அலசினால் ரசனை செத்துவிடாதா என்று சிலர் அஞ்சுகிறார்கள். சீவாளி அதிரும் விதத்தை அறிந்தவருக்கு நாதஸ்வரம் கசந்துவிடுவதில்லை.

பட்டதாரிகளே, இங்கே நீங்கள் பெற்றவை விடைகள் மட்டுமல்ல, கேள்விகளும்தான். ஓர் ஓவியத்தையோ ஒரு மனிதரையோ பார்த்துத் தீர்ப்பு எழுதும் முன், வேறொரு கேள்வியோடு இன்னொரு முறை பாருங்கள். வாழ்த்துகள்.