கத்திக்கு முன் ஒரு துளி இரத்தம்

தமிழகத்தை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவர் பலர் காவலுக்கும் துணைக்கும் நாய் வளர்க்கின்றனர். அந்த வாயில்லா ஜீவனுக்கு அவசரமாகச் சத்திரசிகிச்சை நேருமானால், மயக்கமருந்து கொடுக்குமுன் செய்யவேண்டிய பரிசோதனையைப் பற்றி இன்று சிறிது ஆராய்வோம்.

கொச்சிக்கு அருகே, காயல் சூழ்ந்த கும்பளங்கியை எடுத்துக்கொள்வோம். பொக்காளி நெல் விளையும் ஈரபூமி அது. ஈரமண்ணில், எலியின் மூத்திரத்தோடு கலந்த எலிக்காய்ச்சல் கிருமி வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். நாயைப் பற்றினால் சிறுநீரகத்தையும் ஈரலையும் தாக்கும். மலையாளத்தார் இந்நோயை ‘எலிப்பனி’ என்பர்; அங்கே பனி என்றால் காய்ச்சல். உண்ணியால் பரவும் காய்ச்சலும் கேரளத்து நாய்களுக்கு உண்டு. அதில், இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்துவிடும். இவை வெளிப்பார்வைக்குப் புலப்படாமலும் இருக்கலாம்.

அத்தகைய பெண்நாய் ஒன்றுக்குக் கருப்பையில் சீழ் கட்டிவிட்டதென்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் கருப்பையை அகற்றினால்தான் உயிர் தங்கும். ஆனால் மயக்கமருந்துகள் பலவற்றை உடலிலிருந்து நீக்குவது ஈரலும் சிறுநீரகமும் அல்லவா? அவை பழுதுற்றதை அறியாமல் வழக்கமான அளவைக் கொடுத்தால், நாய் கண்விழிக்காமலே போகலாம். தட்டணு குறைந்திருப்பின், கத்தி பட்ட இடத்தில் இரத்தம் நில்லாது பெருகலாம்.

“உயிர் ஊசலாடும் வேளையில் சோதனைக்கு நேரம் ஏது?” என்று கேட்பார் உண்டு. எடை, நாடி, ஈறின் நிறம், இருதய ஒலி இவற்றைப் பார்க்கச் சில நிமிஷங்கள் போதும். வசதியுள்ள இடத்தில், சிறிதளவு இரத்தத்தைக் கொண்டு சிவப்பணு விகிதம், தட்டணு, சர்க்கரை, யூரியா ஆகியவற்றையும் விரைவில் அறியலாம். அந்நேரத்திலேயே இரத்தக்குழாய் வழியே திரவம் ஏற்றத் தொடங்கலாம். சிகிச்சையைத் தடுப்பதற்கன்று இச்சோதனை. எம்மருந்தை, எவ்வளவு, எத்தகைய முன்னேற்பாட்டுடன் கொடுப்பது என்று தீர்மானிப்பதற்கே.

பிரிட்டனில் 98,036 நாய்களைக் கணக்கிட்ட ஓர் ஆய்வு 2008-ல் வெளியாயிற்று. மயக்கமருந்தை ஒட்டிய மரணம் ஆரோக்கியமான நாய்களில் ஏறக்குறைய 1,850-க்கு ஒன்று. நோயுற்றவற்றில் 75-க்கு ஒன்று. அவசர சிகிச்சைக்கு வருபவை பெரும்பாலும் இரண்டாம் வகையே. ஆகவே, சோதனை மிகுதியும் வேண்டப்படுவது அவசர வேளையில்தான்.

நாயுடன் மிருகாசுபத்திரிக்குச் செல்லும் நேயர்கள், அது கடைசியாக எப்போது உண்டது, உண்ணி கடித்ததா, தடுப்பூசி போட்டதா, என்ன மருந்து உட்கொள்கிறது என்பவற்றைத் தாமே முன்வந்து கூறவேண்டும். பரிசோதனைக்கு மருத்துவர் சற்று அவகாசம் கேட்டால், மனமுவந்து அளிப்பதே அந்தப் பிராணிக்கு நாம் செய்யும் உதவியாகும்.