கடலோரக் காற்றில் குஞ்சு பொரிக்க

சென்னை ராஜா அண்ணாமலைபுரத்து அடுக்குமாடிகளில் வளரும் பிள்ளைகளுக்குக் கோழிக்குஞ்சு என்றால், தெருவில் கூடையில் வைத்து விற்கும் பச்சை, ரோஸ் கலர் குஞ்சுகள்தான். அவை பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்தின் சேவல் குஞ்சுகள். முட்டை போடாது, கறிக்கும் தேறாது என்று பொரிப்பகங்கள் ஒதுக்கியவை. சாயம் பூசிய அந்தக் குஞ்சுகளில் பலவும் வீட்டுக்கு வந்த சில நாளிலேயே செத்துப்போகும். அதை வாங்கிக் கொடுப்பதைவிட, வீட்டிலேயே நாலு முட்டையைப் பொரிக்கவைத்துக் காட்டலாம்.

கோழி வளர்ப்பு இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. பக்கத்து நந்தனத்தில்தான் முன்பு கோழி ஆராய்ச்சி நிலையம் இருந்தது. நந்தனம் கோழி, நந்தனம் காடை, நந்தனம் வான்கோழி என்று அந்தப் பேட்டையின் பெயரிலேயே இனங்கள் உண்டு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் அந்த ஆய்வுப் பணி இப்போது மாதவரத்தில் நடக்கிறது.

முதலில் முட்டை. மளிகைக் கடை அட்டையில் இருக்கும் வெள்ளை முட்டை நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து வருவது. அங்கே கூண்டில் பெட்டைகள் மட்டுமே இருக்கும். சேவல் சேராத முட்டையை எத்தனை நாள் சூட்டில் வைத்தாலும் குஞ்சு வராது. நாட்டுக்கோழி முட்டை என்றாலும், சேவலோடு மேய்ந்த கோழி இட்டதா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

வாங்கிய முட்டையைச் சேர்த்து வைப்பதில்தான் சென்னைக்காரர்களுக்கு முதல் சிக்கல். கோழியின் வயிற்றுக்குள்ளேயே கரு வளரத் தொடங்கிவிடும். முட்டை வெளியே வந்து குளிர்ந்ததும் அது உறங்கிவிடும். சுமார் 21 முதல் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால்தான் அந்த உறக்கம் கலையாது. மே மாதத்தில் நம் ஊரில் ராத்திரியிலும் 27, 28 டிகிரி இருக்கிறது. கரு அரைகுறையாக விழிக்கும், வளரப் போதுமான சூடு கிடைக்காமல் மடிந்துபோகும். ஃபிரிட்ஜில் வைத்தாலோ குளிர் அதிகம். ஆகவே நன்றாகக் குளிர்ந்த ஏசி அறையில், கூர்முனை கீழே இருக்கும்படி நிறுத்தி வைத்து, ஒரு வாரத்துக்குள் அடைக்கு வைத்துவிடுங்கள்.

அடைக்கோழி இருந்தால் கவலையில்லை, 10, 12 முட்டையை அதுவே பார்த்துக்கொள்ளும். இல்லாதவர்களுக்குத்தான் இன்குபேட்டர். கடையிலும் கிடைக்கும், தெர்மாகோல் பெட்டி, தெர்மோஸ்டாட், சின்ன மின்விசிறி, பல்பு வைத்து வீட்டிலும் செய்துகொள்ளலாம். எல்இடி பல்பில் போதுமான சூடு வராது, பழைய குண்டு பல்புதான் வேண்டும். விசிறி உள்ள பெட்டியில் 37.5 டிகிரி. 21 நாளும் அந்தச் சூடு மாறக் கூடாது.

சூட்டைத் தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்ளும். நாம் பார்க்க வேண்டியது ஈரப்பதம். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியே முட்டை கொஞ்சம் கொஞ்சமாக நீரை இழக்க வேண்டும். 18 நாளில் எடை 11 முதல் 13 சதவீதம் வரை குறைந்தால் சரியான அளவு. குறைவாக இழந்தால் உள்ளே காற்றறை சிறுத்து, குஞ்சு மூச்சு முட்டிப்போகும். அதிகம் இழந்தால் சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும்.

புத்தகங்கள் முதல் 18 நாளுக்கு 50 சதவீத ஈரப்பதம் சொல்கின்றன. வெளிக்காற்றில் 30 டிகிரியும் 75 சதவீத ஈரமும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே காற்றைப் பெட்டிக்குள் 37.5 டிகிரிக்குச் சூடாக்கினால், ஈரப்பதம் தானாகவே 50 பக்கம் வந்து நிற்கும். அடையாறு முகத்துவாரத்துக் காற்று பாதி வேலையைச் செய்துவிடுகிறது! கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் வைப்பவர்கள்தான் குஞ்சை மூச்சுமுட்ட வைக்கிறார்கள். அதே பெட்டியை ஏசி அறையில் வைத்தால் கணக்கு தலைகீழாகும். 25 டிகிரி, 50 சதவீதக் காற்று பெட்டிக்குள் போனதும் ஈரம் 25 சதவீதமாகிவிடும். முட்டையைச் சேர்த்து வைக்க ஏசி அறை, அடை வைக்கச் சாதாரண அறை. ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டர் ஒன்று வாங்கி உள்ளே வையுங்கள்.

முட்டையைத் தினமும் மூன்று முறையாவது திருப்புங்கள், இல்லையென்றால் கரு ஓட்டின் பக்கம் ஒட்டிக்கொள்ளும். ஏழாம் நாள் இருட்டில் மொபைல் டார்ச்சின் மேல் முட்டையை வைத்துப் பாருங்கள். சிவப்பு நரம்புகள் ஓடினால் கரு இருக்கிறது. ஒன்றுமில்லாமல் தெளிவாகத் தெரிந்தால் எடுத்துவிடுங்கள். டார்ச், தெர்மோஸ்டாட் எல்லாம் நம் காலத்து வசதி. எகிப்தில் பல நூற்றாண்டுகளாக மண் செங்கல் அடுப்பறைகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரித்தவர்கள் தெர்மாமீட்டர் வைத்திருக்கவில்லை. முட்டையைக் கண் இமைமேல் வைத்தே சூட்டைச் சொல்லிவிடுவார்கள்.

அடைமுட்டைகளுக்கு நடுவே கரித்துண்டும் இரும்பும் போடுவது கிராமத்து வழக்கம். இடிக்குப் பயந்து செய்வது. நமக்கு இடியைவிட, மழையோடு போகும் கரண்ட்தான் பயம். ஒரு மணி நேரம் போனால் பதறாதீர்கள். மூடியைத் திறக்காமல், காற்றுத் துளைகளை மட்டும் விட்டுவிட்டுப் போர்வையால் சுற்றுங்கள்.

18ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்துங்கள். இப்போதுதான் தண்ணீர்க் கிண்ணம் தேவை, ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம் இருக்கட்டும். ஓடு விரிசல் விட்டபின் குஞ்சு வெளியே வரப் பல மணி நேரம் ஆகும். பாவம் என்று ஓட்டை உரித்துவிடாதீர்கள். ரத்தக் குழாய்கள் வற்றுமுன் உரித்தால் ரத்தம் கொட்டும். வெளியே வந்த குஞ்சுக்கு உடனே தீனியும் வேண்டாம். உள்ளிழுத்துக்கொண்ட மஞ்சள்கரு இரண்டு நாளுக்குத் தாங்கும்.

குஞ்சு வருமுன்பே அதன் இடம் தயாராக இருக்க வேண்டும். ஓர் அட்டைப்பெட்டி, தரையில் நெல் உமி, மேலே பல்பு. வழுக்கும் காகிதம் மட்டும் போட்டால் கால் அகன்றுவிடும். முதல் வாரம் 35 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வாருங்கள். பல்புக்கடியில் மொய்த்தால் குளிர்கிறது, ஓரமாக ஒதுங்கி வாய் திறந்தால் புழுங்குகிறது. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், இல்லையேல் குஞ்சு மூழ்கும். வெள்ளைக்கழிச்சலுக்கு ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து விட வேண்டும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். மொட்டை மாடியில் விடுவதானால் வலை போடுங்கள். முகத்துவாரத்துப் பருந்தும் தெருக் காக்கையும் கணக்குப் பார்ப்பதில்லை.

பொரிப்பதில் ஏறக்குறையப் பாதி சேவலாக இருக்கும். நாலைந்து மாதத்தில் விடியுமுன் கூவத் தொடங்கும், கீழ் வீட்டுக்காரர் எழுந்துவிடுவார். அந்தச் சேவல்களை வாங்கிக்கொள்ளும் தோட்டக்காரரையோ ஊர் உறவினரையோ இப்போதே பேசி வையுங்கள். ஆள் கிடைத்த பிறகு பல்பைப் போடுங்கள்.

தை மாதம் தொடங்குங்கள் என்பது என் யோசனை. மழை ஓய்ந்திருக்கும், இரவு இதமாக இருக்கும், முட்டைக்குள் கருவும் நிம்மதியாக உறங்கும். சித்திரை வெயில் வருமுன் குஞ்சுகளுக்கு இறகு முளைத்து, பல்பே தேவைப்படாத வயதாகிவிடும்.